வலைநூல் அரைஞாண்

ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியனாக இருந்த காலம். ரத்தக்கட்டியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் புது மருந்தை ஊசியில் ஏற்றி, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்குக் காத்திவாக்கத்து மீனவர் ஒருவர் வந்திருந்தார். அகன்ற தோள், உப்பில் வெளுத்த மீசை. வலது கை பக்கவாதத்தில் மரத்துத் தொங்கியது. இடது கை விரல்கள் மட்டும் ஒரு நீள வலைநூலில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவர் இடுப்பில் தாயத்து கோத்திருந்த அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"இன்னா சார் பண்ற? செத்தாதான் அத்த அறுப்பாங்க. உசுரோட கீறவன் வெறும் இடுப்போட படுப்பானா?"

"தாயத்தோட உள்ள விட முடியாதுண்ணே."

வலைநூலை இடுப்பில் சுற்றினார். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையாலேயே முடிந்தார்.

"இப்ப அறு."

படத்தில், கழுத்து ரத்தக்குழாயில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சிக்கினு கீதுன்னு தெரிஞ்சிச்சில்ல. அவுத்துரலாம்."

அவிழ்ந்ததா, எனக்குத் தெரியாது. அந்த முடிச்சை மட்டும் இன்றும் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன, வரமாட்டேன் என்கிறது.