அக்காவின் அறையில் ஓடிய கோச்சி

என் அக்காவுக்கு அவளுடைய சொந்த வீட்டிலேயே அறை இல்லை என்று நான் ஒருநாள் பொய் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாயையும் மூக்கையும் மாஸ்க் மூடியிருந்ததால் என் முகம் மாறியதை யாரும் காணவில்லை.

வீட்டுக் கதையை முதலில் சொன்னால்தான் அந்தப் பொய்யின் பருமன் விளங்கும். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து இரண்டு காணி தள்ளி இருக்கும் இந்த வீடும் அப்படித்தான் அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அத்தானுக்குக் கொழும்பில் வேலை என்பதால் அவர்கள் அங்கே போனார்கள். என் மனைவியின் சீதன வீடு சண்டையில் தரைமட்டமாகி நாங்கள் நடுத்தெருவில் நின்றபோது, "பூட்டி வச்சால் கறையான்தான் தின்னும், நீ போய் இரு" என்று அக்கா திறப்பைக் கையில் தந்தாள். வாடகை என்ற பேச்சே அவள் வாயில் வந்ததில்லை.

அத்தான் தவறி, மகளும் கனடாவுக்குப் போன பிறகு, இந்த வீட்டில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். பின்பக்கத்தில், குளியலறையும் கக்கூசும் சேர்ந்த ஒரு அறை. எங்களுடைய பழைய கக்கூசு வளவின் கோடியில் இருக்கிறது. "என்ரை முழங்காலோடை உவ்வளவு தூரம் நடக்க ஏலாது. ஒருநாளைக்கு நான் வந்து இருக்கத்தானே போறன்" என்றாள். அறையைக் கட்டி முடித்தோம். அவள் வரவில்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று கொழும்பிலேயே நாளைக் கடத்தினாள். அறை சும்மா கிடந்தது.

எனக்கோ ரயில் பைத்தியம். ஏறிப் பயணம் போகிற பைத்தியம் அல்ல, சின்னதாகச் செய்து ஓடவிடுகிற பைத்தியம். உண்மையான ரயிலை எழுபத்தாறில் ஒரு பங்காகக் குறைத்து, அதே அளவில் தண்டவாளம், மேடை, சிக்னல், மரம், மனிதர் எல்லாம் செய்யவேண்டும். இருபத்தெட்டு வருஷம் படவரைஞனாக வேலை பார்த்தவனுக்கு இதைவிட வேறு சுகம் ஏது? இயந்திரம் லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய சாமான். மற்றதெல்லாம் என் கைவேலை. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்குப் பனை ஈர்க்கை நறுக்கினேன். காயவைத்த தேயிலைச் சக்கையை மண்ணாகத் தூவினேன். சின்ன மோட்டாரும் மெல்லிய தூரிகையும் அக்கா கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் தேடி வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுவாள். "உன்ரை விளையாட்டுச் சாமானுக்காக நான் கடைகடையா ஏறி இறங்கிறன்" என்று ஏசுவாள். அடுத்த மாதமும் ஏறி இறங்குவாள். எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டாள். பின் கொட்டிலில் என்றேன். அதுதான் முதல் பொய். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கின கதை என்பார்களே, அது என் கதைதான்.

முதலில் ஒரு மேசையை மட்டும்தான் அவளுடைய அறையில் வைத்தேன். பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்தது. கொடிகாமத்தில் மரக்கறியை வாங்க ஆளில்லாமல் கமக்காரர் வீதியில் கொட்டினார்கள். எனக்கோ கொண்டாட்டம். கலியாண வீடு இல்லை, செத்த வீடு இல்லை, கோயில் கூட்டம் இல்லை, யாரும் வந்து கதைத்து நேரத்தைத் தின்னவில்லை. காலைத் தேத்தண்ணியோடு அறைக்குள் போனால் மத்தியானம் மனைவி வந்து கதவைத் தட்டவேண்டும். உண்மையான ரயில்களும் ஓடாமல் நின்றுவிட்ட அந்த நாட்களில், எங்கள் பகுதியில் ஓடிய ஒரே கோச்சி என்னுடையது என்று மனைவிக்குப் பெருமையடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் பலகையைப் பெருப்பித்தேன். பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், ஒரே துண்டு. நடுவில் நிலையம், ஒரு பக்கம் வீதி தண்டவாளத்தைக் கடக்கும் பழைய கேற்றடி. எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே வைத்து அறைந்து, ஒட்டி, வயர் இழுத்து முடித்த பிறகுதான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டே முக்கால் அடி. சரித்துத் தூக்கினாலும் நடைக்குள் திரும்பாது. அளவெடுத்தே சம்பளம் வாங்கியவன் கதவை அளக்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது விடுகிற பிழைதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வெளியே எடுப்பதென்றால் நட்டநடுவே, நிலையத்தின் ஊடாக, மரம் அரியும் வாளால் அறுக்கவேண்டும்.

இரண்டாம் முறை கொழும்பு முடங்கியபோது அக்காவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அறுபத்தெட்டு வயது, சலரோகம் என்ற நீரிழிவு, அடுக்குமாடியில் தனிக்கட்டை. "பாஸ் கிடைச்ச உடனை வாறன், தம்பி" என்றாள். ஊர்விட்டு ஊர் போக அந்த அனுமதிப் பாஸ் கிடைக்க எப்படியும் ஒரு கிழமையாவது ஆகும், அதற்குள் ஏதாவது செய்யலாம் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையே படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்வோம், இறங்காமலே கதைத்தார்.

"ஐயா, உங்கடை அக்கா கொழும்பிலையிருந்து வந்திட்டா. சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை வச்சுப் பதிஞ்சுகொண்டிருக்கிறம். வீட்டிலை வச்சிருக்கிறதெண்டால் அவவுக்குத் தனி அறை வேணும், அதோடை சேந்த கக்கூசும் வேணும். இல்லாட்டி பதினாலு நாள் தனிமைப்படுத்தல் நிலையத்திலை இருக்கவேணும். இருக்கோ?"

அன்று காலைதான் மேடைக்குக் கூரை ஒட்டியிருந்தேன். விரலில் மரப்பசை காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் படலையைத் தாண்டி உள்ளே வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

"இல்லை" என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா."

"கக்கூசு வெளியிலைதான். எல்லாருக்கும் ஒண்டுதான்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பின்வளவில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"உங்கடை கோச்சிக்கு அறை இருக்கு. வீட்டுக்காரிக்கு அறை இல்லையோ?"

"பதினாலு நாள்தானே. அங்கை எல்லாம் பாப்பினம்."

"போன் எடுத்து இருக்கெண்டு சொல்லுங்கோ. இப்பவே."

போனை எடுத்தேன். இலக்கத்தை அழுத்தவில்லை. பொய் சொன்னதற்கு வழக்குப் போடுவார்கள் என்று ஒரு சாட்டு, பசை இன்னும் காயவில்லை என்று இன்னொரு சாட்டு. சாட்டுக்கா பஞ்சம்? பின்னேரம் அக்காவே அழைத்தாள். நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், பெரிய மண்டபமாம், இருபது கட்டிலாம், கக்கூசுக்கு வரிசையாம். "ஒரு குறையும் இல்லை, நீ யோசிக்காதை" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு தினமும் பின்னேரம் அழைத்தாள். என் முதுகுநோவை விசாரிப்பாள், மனைவியின் தைராய்டு மருந்தை விசாரிப்பாள். தன் முழங்காலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த முதல் பத்து நாளும் என் கை நன்றாக ஓடியது. கேற்றடியை முடித்ததே அப்போதுதான். கேற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு உருவங்களை நிறுத்தினேன், ஒரு நெட்டைப் பெட்டையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பொடியனும். நான் ஐந்து வயதில் பின்னேரக் கோச்சி பார்க்க அக்காவோடு போய் நின்ற இடம் அது. ஒருநாள் ஆணி தட்டையாகுமா என்று பார்க்க நான் தண்டவாளத்தில் ஆணி வைத்தேன். கேற்றுக்காரர் வீட்டுக்கு வந்து முறையிட்டபோது அக்கா முந்திக்கொண்டு "நான்தான் வச்சனான்" என்றாள். அப்பாவின் பூவரசங்கம்பு அவளுடைய காலில்தான் விழுந்தது. அந்தப் பெட்டைக்கு நான் மஞ்சள் நிறத்தில் பாவாடை தீட்டிக்கொண்டிருந்தேன், அவளோ கக்கூசு வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு தூரிகை பிடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம்தான் குறுகுறுத்தது.

பதினோராம் நாள் பின்னேரம் அழைப்பு வரவில்லை. நான் எடுத்தேன்.

"எங்கடை மண்டபத்திலை ஒராளுக்கு வந்திட்டுதாம்" என்றாள். "பக்கத்துக் கட்டில் மனுசி. எங்கள் எல்லாருக்கும் திரும்ப மூக்கிலை குத்திப் பாத்தவை. முடிவு வர ரெண்டு நாளாம். நீ பயப்பிடாதை."

அப்போதுதான் பயந்தேன். சலரோகக்காரருக்கு வந்தால் தப்புவது கஷ்டம் என்று ஊரெல்லாம் கதை. செத்தால் உடம்பைக்கூடத் தரமாட்டார்களாம். உடனே பி.எச்.ஐ.க்கு அழைத்தேன். வீட்டில் அறை இருக்கிறது, அறையோடு கக்கூசும் இருக்கிறது, நான் பொய் சொல்லிவிட்டேன், அக்காவைக் கொண்டுவந்து விடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இனி எங்கையும் மாத்த ஏலாது, ஐயா" என்றார் அவர். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறைப்பக்கம் போகவில்லை. மனைவி என்னோடு கதைக்கவில்லை, சாமி அறையில் விளக்கு அணையாமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். முடிவு வந்தது. அக்காவுக்கு இல்லை. ஆனால் இன்னும் ஒரு கிழமை கூட்டிவிட்டார்கள். பதினாலு இருபத்தொன்றானது.

உயிர் தப்பியது என்றதும் என் புத்தி பழைய இடத்துக்கே போனது. பலகையை அறுக்காமல் சமாளிக்க வழி தேடினேன். "அக்கா வந்தால் எங்கடை அறையைக் குடுப்பம். நாங்கள் ஹோலிலை படுப்பம்" என்று மனைவியிடம் சொன்னேன். "அவ கோடிக்கு நடக்க வேணுமே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். நான் வாளை எடுக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை ஓட்டோவில் அக்கா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். ஒரு கையால் ஓட்டோவையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்காரி அல்லவா, யாரையும் கேட்காமல் நேரே பின்பக்க அறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேற்றடியைக் குனிந்து பார்த்தாள்.

"இதிலை நிக்கிறது ஆர்?"

"நீங்களும் நானும்."

"வடிவாத்தான் செய்திருக்கிறாய்" என்றாள். கைப்பையைத் திறந்து இரண்டு கடதாசிகளை எடுத்து நீட்டினாள். "இதைக் கிராம சேவகரிட்டைக் குடுக்கவேணுமாம்."

முதல் கடதாசி, நாள் முடித்ததற்கான சான்றிதழ். இரண்டாவது, வந்த அன்று நிரப்பியது. வீட்டு உரிமையாளர் என்ற கோட்டில் அக்காவின் பெயர். தனி அறை உண்டா என்ற கேள்விக்கு எதிரே "உண்டு" என்று அவளுடைய சாய்ந்த எழுத்து. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, அதே எழுத்தில் "இல்லை". பக்கத்தில் அவளுடைய ஒப்பம். அத்தனை பின்னேரம் என் முதுகுநோவை விசாரித்தபோதும் அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அக்கா, ஏன் நீங்கள்…"

"பி.எச்.ஐ. வந்து, உங்கடை தம்பி இல்லையெண்டு சொல்லுறார் அம்மா, எது சரி எண்டு கேட்டவர். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, என்ரை தம்பி பொய் சொல்லுறான் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

நான் அழுதேன். அறுபத்தொரு வயது மனுசன், மேடைக் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். கூரை நொறுங்கியது. கொட்டிலுக்குப் போய் வாளை எடுத்துவந்தேன். அக்கா கதவடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, காலை நீட்டி இருந்தாள்.

"அறுக்கப் போறியோ?"

"ஓம்."

"மூண்டு கிழமைக்கு முந்தி அறுத்திருக்கலாம், தம்பி."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். நான் நிலையத்தின் நடுவே வாளை வைத்தேன். ஈர்க்குக் கட்டைகள் முதலில் தெறித்தன, பிறகு மேடை, பிறகு வயர்கள், பிறகு அடிச்சட்டம். தேயிலைச் சக்கை என் காலடியில் கொட்டியது. மனைவி வந்து மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். பலகை இரண்டாகி விழுந்ததும் நான் நிமிர்ந்து, சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.