கேட்காமல் எடுத்த கட்டி

மாரண்டஹள்ளி மண்டியில் ஞானமேரியிடம் தரகர்கள் சற்று அடக்கமாகவே பேசுவார்கள். எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்காமல் தக்காளிக் கூடையைத் தராசில் ஏற்ற மாட்டாள். அவள் கணவர் சவரி அதிர்ந்து பேசாதவர். 1987 ஐப்பசியில் ஒருநாள், பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்த காய்க்குப் பெயர் சொல்லத் தெரியாமல் விழித்தார். சில நாளில் வலது கையும் விழுந்துவிட்டது.

பெங்களூருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். ஊருக்கு வந்து தோட்டத்தில் கொஞ்சம் நடமாடினார். அதற்குள் கட்டி மறுபடி வளர்ந்துவிட்டது. மறு வருஷம் பங்குனியில், குருத்து ஞாயிற்றுக்கு முன்பே சவரியைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

அடக்கம் முடிந்த கையோடு ஊரில் பேச்சு கிளம்பியது. அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே தலைநோய் இருக்கிறதாம். மகள் ரோசம்மாவை நல்லம்பள்ளியில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரியநாயகம் வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை.

"பொண்ணுக்கோ, பொறக்கிற புள்ளைக்கோ அது வராதுன்னு யாருங்க சொல்றது?" என்று பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போனார்.

இறந்தவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போகிறார்களே என்று ஞானமேரிக்கு ஆத்திரமாக வந்தது. டாக்டரையே கேட்டுவிடுவதென்று ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறினாள்.

பரம்பரை நோயா என்று கேட்டவளை ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த தர்மன் தமிழ் பேசும் டாக்டர். சவரியின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அவரோட கட்டி எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்மா. பத்திரமா ஐஸ்ல வச்சிருக்கோம்."

"எதை வச்சிருக்கீங்க?"

டாக்டர் தயங்கினார். "ஆபரேஷன்ல எடுத்ததுல ஒரு துண்டு. வெளிய போடறதுதானேன்னு யாரையும் கேக்கறது வழக்கம் இல்ல."

"ஒரு கூடை தக்காளிய எடுத்தாக்கூட ஒரு வார்த்தை கேப்பாங்க. எம் வூட்டுக்காரரு தலைக்குள்ள இருந்தத எடுத்து வச்சிக்கிட்டு, அவர அடக்கம் பண்ற வரைக்கும் எங்கிட்ட சொல்லல. கேட்டிருந்தா குடுத்திருப்பேங்க. இன்னொருத்தர் பொழைக்கட்டும்னு குடுத்திருப்பேன்."

அவளே கேட்டாள்: "சரி, அதுல என்னத்தக் கண்டீங்க?"

உடம்பு எப்படி வளரவேண்டும் என்று சொல்கிற ஜீன்கள் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன என்றார். சவரியின் கட்டியில், வளரச் சொல்லும் ஜீன் ஒன்று அளவுக்குமீறிப் பலமடங்கு பெருகிக் கிடந்தது. அதை அடக்கும் மருந்து கிடைத்தால் இந்த நோயைப் பிடித்து நிறுத்தலாம்.

"அந்த மருந்து இருக்குதுங்களா?"

"இல்லம்மா. வர எத்தன வருஷம் ஆகுமோ."

"அவரு ரத்தத்துலயும் அந்தக் கோளாறு இருக்குதுங்களா?"

"அதுல பாத்தோம், சரியாத்தான் இருக்கு. கோளாறு கட்டியில மட்டுந்தான். பரம்பரையா வந்ததில்ல, புள்ளைங்களுக்கும் போகாது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கிறிஸ்துமஸ் சமயத்துல."

ஞானமேரி எழுந்து நின்றாள். "அவரு உசுரோட இருக்கறப்பவே தெரியும். இங்க நீங்க தெரிஞ்சிக்கிட்டு கம்முனு இருந்தீங்க. அங்க எம் பொண்ண ஊரே நோவுக்காரின்னு பேசுது."

"நான் கடுதாசி எழுதித் தரேன்மா."

"நீங்க எடுத்தது கடுதாசி இல்லீங்க. எங்க ஊருக்கு வந்து உங்க வாயால சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு டாக்டர் தர்மன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம், மாதா கோயில் வாசலில் நின்று, நோய் ரத்தத்தில் இல்லை என்று விளக்கிச் சொன்னார். பிறகு ஞானமேரியைப் பார்த்து, "உங்ககிட்ட கேட்டிருக்கணும். தப்புதான்," என்றார்.

"இப்பவாவது கேளுங்க," என்றாள் அவள்.

அத்தனை பேர் முன்னால் அவர் கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னாள். இனி ஒருவரிடமும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். கோபம் தணிந்துவிடவில்லை; அவர் கும்பிட்டபோது பதிலுக்குக் கும்பிடவும் இல்லை.

சேதி நல்லம்பள்ளிக்கும் எட்டியது. பெரியநாயகம் பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்து நின்றார். ஞானமேரி வாயைத் திறப்பதற்குள் ரோசம்மா முன்னால் வந்தாள்.

"டாக்டர் சொன்னாத்தான் நான் நல்ல பொண்ணுங்களா? நாளைக்கு எனக்குச் சளி புடிச்சாலும் பெங்களூருல கேட்டுட்டு வரச் சொல்வீங்க. தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

ஞானமேரி மகளைத் தடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள்.