கப்பிக்காரியின் கயிறு

அந்த ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் அவளைக் கப்பிக்காரி என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிகூட "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்.

அவள் பிசியோதெரபிஸ்டாக வேலையில் சேர்ந்தபோது அந்த அறையில் இருந்தவை கிழிந்த ரெக்சின் கட்டிலும் ரசம் போன கண்ணாடியும்தான். முதல் சம்பளத்தில் சாமான் கடைக்குப் போய்க் கிணற்றுக் கப்பி வாங்கினாள். தச்சரை மிரட்டி விட்டத்தில் மாட்ட வைத்து, கயிறு கோத்து, இரண்டு முனையிலும் மரப்பிடி கட்டினாள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் அதன் கீழே உட்கார்ந்து நல்ல கையால் ஒரு பிடியை இழுத்தால், மறு பிடியில் கட்டிய விழுந்த கை தானே மேலே ஏறும். இவள் முதுகுப் பக்கம் நின்று கயிறு நழுவாமல் பிடித்துக்கொண்டு, "ஏறட்டும், ஏறட்டும், சீலிங்கை முட்டட்டும்!" என்று அதட்டுவாள். அந்த அதட்டலுக்கு லிஃப்ட்டே மாடி மாறி நின்றிருக்கிறது. நம்பாதவர்கள் லிஃப்ட்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று இரண்டாகி, அறை முழுக்கக் கப்பி தொங்கியது. போன வருடம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷனுக்கே இடது கை விழுந்தபோது, வீட்டுப் படுக்கையறைக் கதவின் மேலும் ஒன்று ஏறியது. மனுஷர் ஆயுசு முழுக்க ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டதாலோ என்னவோ, வீட்டில் சத்தம் போட்டதில்லை. உட்கார் என்றால் உட்காருவார், இழு என்றால் இழுப்பார்.

அவருக்கு ஒரு தங்கை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் கல்யாணப் பந்தலிலேயே ஆரம்பித்த பகை. நாற்காலி வரிசையில் யார் முன்னால் உட்காருவது என்பதில் தொடங்கியது. அதற்கப்புறம் காரணம் தேவைப்படவில்லை. ஒருத்தி அனுப்பிய பாத்திரத்தை இன்னொருத்தி கழுவாமலே திருப்பி அனுப்பினாள், அவ்வளவு பிரியம். போதாக்குறைக்கு அந்தத் தங்கையும் பிசியோதெரபிதான் படித்தாள். மேலே மேலே படித்து, மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கும் இடத்துக்குப் போய்விட்டாள்.

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்கல்விப் பயிற்சிக்குப் போயே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்தது. கப்பிக்காரி முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது மாடி ஹாலுக்குப் போய்க் கடைசி வரிசையில் பையை வைத்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு மேடையில் நின்றது நாத்தனார்.

"வந்துட்டீங்களா அண்ணி? முன்னாடி இடம் இருக்கே."

"உன் முகம் இங்கேர்ந்தே தெரியுது மேடம். போதும்."

ஹாலில் இருந்தவர்கள் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதல் பாடமே தோள்பட்டை. படம் போட்டுக் காட்டினாள் நாத்தனார். கை உயரும்போது முதுகிலிருக்கும் தோள் எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். வாதம் வந்தவருக்கு அது திரும்பாது. அந்த நிலையில் கயிறு போட்டு இழுத்தால் நடுவில் சதை நசுங்கும். "அதனால கப்பியை விட்டுடுங்க. தோளைக் கெடுக்கறதுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது."

ஹால் மொத்தமும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

கப்பிக்காரி எழுந்தாள். "இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா? என்னைச் சொல்றதுன்னா நேரா சொல்லு, எலும்புப் படத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே."

"படத்துக்கு அண்ணி யாரு, நாத்தனார் யாருன்னு தெரியாது, அண்ணி."

"நாளைக்கு உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரேன். அவர் கை எவ்வளவு தூரம் ஏறுதுன்னு இந்த ஹாலே பாக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சா என் கையாலேயே அத்தனை கப்பியையும் கழட்டறேன். இல்லேன்னா நீ மைக்ல சொல்லணும், அண்ணி செஞ்சதுதான் சரின்னு."

"சொல்றேன். தாராளமா."

அன்று ராத்திரி சாப்பிடும்போது புருஷரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "நான் வரணுமா?" என்றார். "பின்ன உங்க கையை மட்டுமா எடுத்துட்டுப் போறது?" என்றாள்.

மறுநாள் ஹால் கதவின் மேல் கப்பியை மாட்டி, கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, புருஷரைக் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். இடது கையைப் பிடியில் கட்டினாள். வழக்கம்போல முதுகுப் பக்கம் போய் நின்று கயிற்றைப் பிடித்தாள்.

"இழுங்க. நல்லா. ஏறட்டும், ஏறட்டும்!"

கை ஏறியது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. கப்பிக்காரி கைதட்டலை எதிர்பார்த்துக் கூட்டத்தைப் பார்த்தாள்.

யாரும் தட்டவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவர் தன் தோளைத் தானே பிடித்துக்கொண்டார். கயிறு இன்னும் கொஞ்சம் ஏறியது. அத்தனை முகமும் ஒன்றாய்ச் சுளித்தது.

இத்தனை வருடமாய் அவள் நின்றதெல்லாம் முதுகுப் பக்கம். ஏறுகிற கையைத்தான் பார்த்திருக்கிறாள். எதிரில் என்ன தெரிகிறதென்று பார்த்ததே இல்லை.

கயிற்றை மெல்ல இறக்கினாள். சுற்றிவந்து முன்னால் நின்றாள். புருஷரின் நெற்றியெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்ததில் தாடை இறுகிக் கிடந்தது.

"வலிக்குதா?"

அவர் இவளைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"கேட்டது நான். அவளை எதுக்குப் பாக்கறீங்க?"

"வலிக்குது."

"எப்பலேர்ந்து?"

"கட்டின நாள்லேர்ந்து."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"தினமும் கேட்டேனே!"

"'நல்லா ஏறுதில்ல?'ன்னு கேட்டே. ஏறிச்சு. ஆமான்னேன்."

நாத்தனார் அண்ணனின் தோள் முனைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூட்டு விலகி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே விரல் உள்ளே இறங்கியது. ஜெயித்தவளின் முகத்தை மறைக்க அவள் கொஞ்சமும் முயற்சி செய்யவில்லை.

"அண்ணி, நீங்க போய் உட்காருங்க."

"நான் உட்காரறது இருக்கட்டும். நீ எப்படித் தூக்குவே? காட்டு."

நாத்தனார் காட்டினாள். ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறு கையைத் தோள் எலும்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து நகர்த்தி, வலி வருமுன் நிறுத்தினாள். கப்பிக்காரி அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தானே கையை வைத்தாள்.

"இன்னும் கீழே, அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சா கை ஏன் மேல இருக்கு?"

ஹால் சிரித்தது. கப்பிக்காரி அத்தனை பேரையும் எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஆனால் கையைக் கீழே இறக்கினாள். இந்த முறை புருஷரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய புருவம் லேசாக நெளிந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கப்பியாகக் கழற்றினாள். உதவிக்கு வந்த தச்சரைத் திட்டித் துரத்தினாள். துருப்பிடித்த ஆணிகள் எளிதில் வரவில்லை. இந்தக் கயிற்றில் எத்தனை பேர் கையை ஏற்றினோம் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் ஓங்கி இழுத்தாள். காரை பெயர்ந்து தலையில் கொட்டியது. கப்பி போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கப்பிக்காரி கதவைத் திறந்துவிட்டு "வா" என்று சொல்லாமலே உள்ளே போனாள். புருஷர் நாற்காலியில், விழுந்த கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தலையணை எதுக்கு? ஒண்ணு போதும்."

"என் வீட்டுத் தலையணை, நான் பத்து வைப்பேன்."

"முழங்கை வெளியே தொங்குது பாருங்க."

"அது நீ இப்ப இழுத்ததால தொங்குது."

ஒருத்தி முழங்கையைப் பிடித்தாள், இன்னொருத்தி மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணப் பந்தலில் யார் முன்னால் உட்கார்ந்தது என்பதுவரைக்கும் பேச்சு பின்னோக்கிப் போனது.

"ரெண்டு பேரும் கையை எடுங்க," என்றார் அவர். "வலிக்குது."

இருவரும் சுடுதண்ணீர் பட்டதுபோல் கையை எடுத்தார்கள். கப்பிக்காரி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கே வலிக்குது?"

"காதுல."

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்: இந்த மனுஷனுக்கு வாய் ரொம்ப நீண்டுவிட்டது.