சேர் வெட்டிய விடை

கணக்குச் சேர் சிவப்புப் பேனையை மூடாமலே சட்டைப் பையில் செருகிக்கொள்வார். பையின் அடியில் எந்நாளும் ஒரு கறை. திருகோணமலை நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவரும் நானும் கணிதம் படிப்பித்தோம். மேசையும் பக்கத்துப் பக்கம். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி இரண்டு விடையையும் சரியாகக் கண்டிருந்தாலும், அவற்றைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பூச்சியம் வருகிறதா என்று பார்க்காத பிள்ளைக்குச் சேர் விடையின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடை சரியென்றால் புள்ளியைப் போடுங்கோவன் என்று எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். "அது நீங்கள் அறிஞ்ச சரி, ரீச்சர். பிள்ளை அறிஞ்ச சரி இல்லை" என்பார். மறுத்துக் கதைக்க ஏலாது. அதனாலேயே இன்னும் கோபம் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே ரியூசன் வைத்தார். சீனன்குடாவிலிருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சுத் திரும்பிவிட்டது, கையும் ஓரளவு தேறிவிட்டது. வகுப்பு எப்போது தொடங்கும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு கணக்கைத் தானே செய்து, தானே சரிபார்த்து, பூச்சியம் வந்தால்தான் வகுப்பு என்று மனுசன் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டார். நாளும் பொழுதும் அதோடேயே இருக்கிறார், ஒருக்கால் வந்து பாருங்கோ என்று அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தா.

போனேன். விறாந்தைக் கதிரையில் இருந்து, x வர்க்கத்திலிருந்து x-ஐயும் பன்னிரண்டையும் கழித்தால் பூச்சியம் என்ற கணக்கைச் செய்துகொண்டிருந்தார். காரணிகள் மளமளவென்று வந்தன. விடை நான்கு, அல்லது சய மூன்று. கழித்தல் குறியை நாங்கள் சய என்றும், கூட்டலைச் சக என்றும், பெருக்கலைத் தர என்றும்தான் சொல்வோம். எனக்கு அப்படியொரு சந்தோசம். நான்கைப் போட்டுப் பார்த்தார், பூச்சியம் வந்தது. பிறகு சய மூன்றைப் போட்டார். அதன் வர்க்கத்தைச் சய ஒன்பது என்று எழுதினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை விடுகிற பிழை அது, அவர் ஆயுள் முழுக்கத் திட்டித் திருத்திய பிழை. கடைசியில் சய பதினெட்டு வந்தது.

சய தர சய, சக அல்லவோ சேர் என்றேன். ஓமோம் என்று தலையாட்டினார். மறுபடி முதலிலிருந்து செய்தார். மறுபடியும் சய ஒன்பது. விதியைக் கேட்டால் வாய் சரியாகச் சொல்கிறது. எழுதப் போனால் பிழைக்கிறது. பேப்பரை இழுத்து நானே சரிபார்த்துக் காட்டினேன்.

"பூச்சியம்தான் சேர். நீங்கள் கண்ட விடை சரி."

அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தாதைங்கோ, ரீச்சர்."

பேனையை எடுத்துச் சய மூன்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு மட்டும் பழையபடி நேராக வந்தது. தேத்தண்ணியோடு வந்த மனைவியிடம், பிள்ளையள் வந்தால் இனி ரீச்சரிட்டை அனுப்பிவிடும் என்று சாதாரணமாகச் சொன்னார். அவ என்னைப் பார்த்தா. நான் ஓம் என்றேன்.

சய மூன்று சரியான விடைதான். நான் என்ன செய்ய?