பணியார மிளகாயும் பால் குடிக்காத பிள்ளையும்

எங்கள் மாமியார் வீட்டுக் காரப் பணியாரத்தில் பச்சை மிளகாய் இருப்பதே தெரியக் கூடாது. அரிவாள்மணையில் உட்கார்ந்து கடுகு கடுகாக நறுக்க வேண்டும். ஐம்பதுகளில் ஒரு நாள், திருமயத்தில், மூன்று மாதப் பிள்ளையை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கை மிளகாய் நறுக்கினேன். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. என் மகனை மடியில் போட்டுக்கொண்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

நறுக்கி முடித்து, கையை மூன்று தரம் கழுவிவிட்டுப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். பிள்ளை வாய் வைத்தான், வீலென்று கத்தினான். மறுபடி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறினான். மத்தியானம் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை.

மாமியார் வற்றல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

“யாரு மடியில கெடந்தான்னு எனக்குத் தெரியாதா? இனிமே பிள்ளையத் தொட வேணாம்னு சொல்லு” என்றார், ஓரகத்தியின் காதுபடவே. அந்த அக்கா கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லைக் கதவுதான் ஆவென்று திறந்து கிடக்கிறதே, புகையெல்லாம் அங்கிட்டுப் போனால் நெடி எப்படி வரும்? யோசித்தபடியே கண்ணைத் துடைத்தேன். அடேயப்பா, என்ன எரிச்சல்! மூன்று தரம் கழுவிய கை! விரலை நக்கிப் பார்த்தேன். நாக்கு பொசுங்கியது. மார்பைப் பிடித்துப் பால் கொடுத்ததும் இந்தக் கைதானே!

தண்ணீருக்குப் போகாதது எண்ணெய்க்குப் போகுமோ? சோதித்துப் பார்க்க இடது கை விரல்களில் மட்டும் நல்லெண்ணெய் விட்டு, அந்தக் கைக்குள்ளேயே தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவி நக்கினேன். காரம் முக்கால்வாசி போயிருந்தது. மார்பையும் அப்படியே எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கழுவினேன். பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தான்.

“பாத்தியா, சுத்திப் போட்டதும் குடிக்கிறான்!” என்றார் மாமியார்.

எனக்கு வந்ததே கோபம்!

“அத்தை, கொஞ்சம் வாயத் தொறங்க.”

எண்ணெய் படாத வலது விரலை அவர் நாக்கில் தடவிவிட்டேன்.

“ஆத்தாடி!” என்று செம்பைத் தேடி ஓடினார்.

“இதத்தான் அத்தை அவன் காலையிலேருந்து சப்புனான். கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கைதான்.”

மாமியார் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே கொல்லை வாசலுக்குப் போனார்.

“ஏத்தா, இங்கிட்டு வா. வந்து பிள்ளையத் தூக்கு.”

அக்கா வந்தார். பிள்ளையைத் தூக்கும் முன் கிணற்றடிக்குப் போய், இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் அன்று மிளகாயைத் தொடவே இல்லை.