செம்பூர்க் கொடி எந்த ஊர்க் கொடி?

என் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்ப ஒரு மாதம் இருந்தபோது, அறுபத்தைந்து பங்குனியில் இந்தப் பயணம். நாங்கள் குடியிருந்த தாராவியில் மண் ஏது? அதனால் செம்பூரில் தன் தம்பி வீட்டு வேலியோரம் எனக்காக ஒரு திராட்சைக் கொடி வைத்திருந்தார். நான் பிறந்த கம்பத்திலிருந்து குச்சி கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார். அந்த இடத்தில் கொழுந்தன் குளியலறை கட்டப் போனான்.

"அது பக்கத்து பங்களாக் கொடில்லா மதினி. ஒங்க ஊர்க் கொடின்னு காட்டுங்க, நான் கை வைக்கல" என்றான்.

நான் வேலை செய்யும் மாட்டுங்கா வீட்டுப் பெண் ஜானகி, ரசாயன ஆய்வுக்கூடத்தில் படிக்கிறாள். எந்த ஊர்க் கொடி என்று சோதித்துப் பார்க்க, கொடிக்கு இருபது பழம் கொண்டுவரச் சொன்னாள். சயானில் பஸ் பிடித்து, பதினைந்து பைசாவில் செம்பூர் போனேன். எங்கள் கொடியில் ஒரு குலை, பங்களாவில் கேட்டு ஒரு குலை. கம்பத்துப் பழம் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் கூடையில் இருந்தது. மூன்றையும் எடுத்துக்கொண்டு மாட்டுங்கா.

தோலைக் கசக்கிய சாற்றில் ஒரு பொட்டு தாளில் வைத்து, நெடியடிக்கும் திரவம் இருந்த கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டாள். சேலைக் கரையில் ஈரம் ஏறுமே, அப்படி ஏறியது. கூடவே பொட்டும் ஏறி, சிவப்பு, ஊதா என்று தனித்தனியாகப் பிரிந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. சீமையில் ஒயின் திராட்சையை இப்படித்தான் ரகம் பிரிக்கிறார்களாம். இங்கே மதுவிலக்கு, பழத்தோடு சரி என்று சிரித்தாள்.

கொடிக்கு இருபது பழம் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"ஒரு பழத்தை வச்சுச் சொன்னா அது ஜோசியம். ஒரே குலையிலயே வெயில் பட்டது, நிழல்ல இருந்ததுன்னு வித்தியாசம் வரும். ரெண்டு கொடிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் அதைவிடப் பெரிசான்னு பாக்கணும்."

எங்கள் பழத்தின் தாளில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. ஜானகி புத்தகம் புத்தகமாகப் புரட்டினாள். கடைசியில் என்னிடம் கேட்டாள். அவர் கொடிப் பழமாயிற்றே, படையலுக்குப் போவதுபோல மஞ்சள் தண்ணீரில் கழுவித்தான் கொண்டுவந்தேன் என்றேன்.

"முத்தம்மா, நீங்க புது ரகத் திராட்சையே உண்டாக்கிட்டேள்" என்றாள்.

மறுபடி செம்பூர், மறுபடி பஸ். கழுவாத பழத்தில் விடை வந்தது. எங்கள் கொடியும் பங்களாக் கொடியும் ஒரே மாதிரி. கம்பத்துப் பழம் தனி.

மறைக்கலாமா என்று செம்பூர் திரும்பும் பஸ் முழுக்க யோசித்தேன். இறங்கியதும் கொழுந்தனிடம், "நீ சொன்னதுதான் சரி, வெட்டிக்கோ" என்றேன்.

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். "அண்ணன் ரெண்டு தடவ கம்பத்துக் குச்சி கொண்டாந்தாரு மதினி. ரெண்டும் பட்டுப்போச்சு. நீங்க வருத்தப்படுவீயன்னு, பங்களாவுல போயி கேட்டு வாங்கி நட்டாரு. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு." சரிந்த கொடியை வேலிமேல் எடுத்துவிட்டு, "குளியலறைய அந்தப் பக்கம் கட்டிக்கிடுதேன்" என்றான்.

எனக்காக அவர் சொன்ன ஒரு பொய் வேலி நிறையக் காய்த்துக் கிடந்தது.

உங்களுக்கும் இப்படிச் சந்தேகம் வந்தால், வெயில் பக்கம் நிழல் பக்கம் இரண்டிலும் பழம் பறியுங்கள். சயானில் காலையிலேயே பஸ் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். சோதனைக்குப் போகும் பழத்தை மஞ்சளில் கழுவாதீர்கள். வருஷப் படையலுக்கு அந்தக் கொடியில் பறித்ததை நான் கழுவித்தான் வைத்தேன்.