போர்னியோ விருந்தாளிகள்

குன்னூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் லீவு கிடைத்தால் போர்னியோவுக்குப் போய்விடுவார். ஊர் பார்க்க அல்ல. அங்குள்ள காட்டு ஓடைகளில் இறங்கி, வீட்டுத் தொட்டிக்கு மீன் பிடித்துவர. மனைவிக்கு அங்கிருந்து எதுவும் வாங்கிவந்ததாகத் தெரியவில்லை. பெட்டியில் இடம் இருந்திருக்காது.

தலையில் மங்கி குல்லா, முழங்கைவரை மடித்த ஈரச் சட்டை. தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைக்கூட யாரும் அத்தனை முறை தொட மாட்டார்கள்.

ஒரு டிசம்பர் மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்ட் போய், தொட்டியின் ஹீட்டர் நின்றது. மனிதர் உள்ளே ஓடி, கட்டிலில் இருந்த இரண்டு கம்பளிகளையும் உருவிவந்து தொட்டிக்குப் போர்த்தினார். அவர் மனைவி இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி நின்றிருந்தார்.

"ஏனுங்க, மீனுக்கா கம்பளி?" என்றேன்.

"அதுகளா வரலீங்க. சூடான ஊர்ல சும்மா இருந்ததை நாமதான் கூட்டியாந்தோம். குளிர்ல விடறது பாவமில்லீங்களா?"

நியாயவான்தான்.

"என்னையும் கோயமுத்தூர்ல இருந்து நீங்கதானுங்க கூட்டியாந்தீங்க" என்றார் மனைவி.

மனிதர் முகம் சட்டென்று கவலையில் வாடியது. கம்பளியை விலக்கி, தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.